‘போதும்’ என்பதற்கு எந்தக் கட்டம்

பெப்ரவரி 10, திங்கள்

விடிய நல்ல பனி. எட்டு மணிக்கே வெயில். பூனை அலுமாரிக்குள் என் சேலைகளின் மேல் குட்டி போட்டிருக்கிறது. மூன்று. கதவைச் சாத்த வேண்டாம் என்று அக்கா. அதனால் உடுத்தது கொடியில் கிடந்த பழைய நீலச் சேலை.

இன்று வேலை தொடக்கம். ஆஸ்பத்திரி, டயலிசிஸ் வார்ட். கட்டிலுக்கு ஒரு மெஷின். கையில் ஊசி குத்தி, இரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவி, திரும்ப ஏற்ற நாலு மணித்தியாலம். அதுவரை அசைய ஏலாது. கேள்வி கேட்க இதைவிட வசதியான ஆட்கள் கிடைக்க மாட்டார்கள் என்று இந்த ஆய்வை நடத்துகிற கொழும்பு டொக்டர் சொன்னது சரிதான். ஒருவரும் எழும்பி ஓட முடியாது.

சிறுநீரக நோயாளர் எப்படி வாழ்கிறார்கள் என்பதை அளக்கிற கேள்விகள். இருபத்தாறு. முதலில் இங்கிலீசில் எழுதியவை. சிங்களத்தில் கேட்கச் சமரி, வவுனியாப் பக்கம். தமிழில் கேட்க நான். ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டம்: 1 என்றால் மிக மோசம், 5 என்றால் மிக நல்லது. உள்ளதை உள்ளபடி வாசிக்க வேண்டும், விளக்கம் சொல்லக் கூடாது. இது வெள்ளோட்டம். பிறகு எல்லா மாவட்டத்துக்கும் போகும். இந்த இலக்கங்களைப் பார்த்துத்தான் எந்த வார்ட்டுக்கு மனநல ஆலோசகர், எதற்கு இல்லை என்று முடிவாகுமாம்.

தமிழ், சென்னையில் யாரோ செய்தது. பிழை சொல்ல முடியாது. ரேடியோச் செய்தி மாதிரி.

முதல் ஆள் சரசக்கா. பூவரசங்குளத்தில் பிறந்து இங்கே கலியாணம் செய்து வந்தவர். வாய் ஓயாத மனுசி.

கே.1, உங்கள் வாழ்க்கைத் தரத்தை எப்படி மதிப்பிடுவீர்கள்? உடனே தொடங்கிவிட்டா. வீடு அரைவாசியில் நிற்கிறது, மலசலகூடம் இருக்கிறது, கரண்ட் இருக்கிறது, கிணறு பக்கத்து வளவில். நிவாரணப் பதிவு என்று நினைத்திருக்கிறா. பிறகு குரலைத் தாழ்த்தி, “குறைச்சுப் போடுங்கோ பிள்ளை. கூடப் போட்டா நிவாரணத்தை வெட்டிப் போடுவினம்.”

கே.4, மாடிப்படி ஏறுவதில் சிரமம் உண்டா? வீட்டில் படி இல்லையாம். கோயிலிலும் இல்லையாம்.

கே.9, கடந்த நான்கு வாரங்களில் எவ்வளவு நேரம் சமாதானமாக உணர்ந்தீர்கள்?

“சமாதான காலத்திலயோ? அப்ப நல்லாத்தான் இருந்தம். பாதை திறந்திருந்தது. அம்மாவையள் ஊரில இருந்து வந்து போனவை.”

சண்டை நின்றிருந்த காலத்தைச் சொல்கிறா. மனசுக்குள் இருக்கும் சமாதானத்தை அல்லவா கேட்டது. விளக்கம் சொல்லக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். எந்தக் கட்டம் போடுவது என்று தெரியாமல் வெறுமையாக விட்டேன்.

வரும்போது பாண், பருப்பு, அக்காவின் பிரஷர் குளிசை. குளிசை மறந்துபோச்சு.


பெப்ரவரி 11, செவ்வாய்

முத்தையா, ஜெயபுரம். அறுபதுக்குக் கிட்ட. சின்ன வயதில் தாய் தகப்பனோடு மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து வந்தவர். காடு வெட்டி வயல் ஆக்கினவர்கள். இடம்பெயர்ந்து திரும்பி வந்து, இரண்டாம் தரமும் வெட்டினவர்கள். இப்போது ஒன்றரை வருடமாகக் கிழமையில் இரண்டு நாள் இந்தக் கட்டில்.

பக்கத்துக் கதிரையில் மனைவி லெட்சுமி. நான் அவரைக் கேட்க, அவா பதில் சொன்னா. நல்லாச் சாப்பிடுகிறாராம், நல்லாத் தூங்குகிறாராம், நோவு ஒன்றும் இல்லையாம். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கே.21, குடும்பத்துக்குச் சுமையாக இருப்பதாக உணர்கிறீர்களா? “அப்பிடியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க,” லெட்சுமிதான். அவர் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். 5.

கே.26, மொத்தத்தில் உங்கள் வாழ்க்கையில் திருப்தியா? இதற்கு மட்டும் லெட்சுமியை முந்திக்கொண்டு அவரே சொன்னார்.

“போதும் மிஸ்.”

சிரித்த முகம். 5. இந்த வார்ட்டில் இதுவரை ஆகக் கூடின புள்ளி. சாப்பிட்டீங்களா என்று என்னைக் கேட்டார். நோயாளி ஒருவர் என்னைக் கேட்டது இதுதான் முதல்தரம்.

பின்னேரம் எல்லாவற்றையும் டொக்டருக்கு அனுப்பினேன். குளிசை வாங்கியாச்சு.


பெப்ரவரி 12, புதன்

கரண்ட் இல்லை, பத்திலிருந்து இரண்டு வரை. பூனை ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு குசினிக்குள் வந்து மா வாளிக்குள் விட, குட்டி வெள்ளையாகப் போனது.

டொக்டர் போன் எடுத்தா. கெட்டிக்காரி, நல்ல மனம், தமிழ் கொஞ்சம் விளங்கும். கே.14-ல் தமிழ் ஆட்களின் புள்ளி சிங்கள ஆட்களைவிட மிக மேலே நிற்கிறதாம். அவாவுக்குச் சந்தோசம், ஆச்சரியமும்.

கே.14: உங்களால் எந்த அளவுக்கு யோசிக்க முடிகிறது? இங்கிலீசில், மனதை ஒரு விசயத்தில் நிறுத்த முடிகிறதா என்று கேட்டிருக்கிறது.

அக்கா பள்ளிக்கூடத்தால் வந்ததும் அவளிடம் வாசித்துக் காட்டினேன்.

“யோசிக்காம இருக்க ஏலுமே? விடிய எழும்பினால் யோசனைதானே,” என்றாள். பெருமூச்சு வேறு.

அவள் ஒரு கணித ஆசிரியை. அவளுக்கே யோசனை என்றால் கவலை. வார்ட்டில் எல்லாரும் “நல்லா யோசிக்கிறன் பிள்ளை” என்றார்கள், நான் 5 போட்டேன். கவலை கூடக் கூடப் புள்ளி கூடியிருக்கிறது.

சரியாகாத சொற்கள், இதுவரை: வாழ்க்கைத் தரம். சமாதானம். யோசனை. மாடிப்படி (வீட்டுக்கே படி இல்லை). மனச்சோர்வு, இதைச் சோர்வு என்று எடுத்து இரும்புக் குளிசையைப் பற்றிச் சொல்கிறார்கள். அந்தரம் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. இங்கே ஒருவர் மனக்கஷ்டத்தைச் சொல்ல வாய் திறந்தால் முதலில் வருவது அந்தச் சொல்தான்.

படுக்க முதல் கேள்விகளை எனக்கே கேட்டுப் பார்த்தேன். கே.6 வரை நேர்மை. அதற்குப் பிறகு, கேட்கிற பிள்ளை நோகக் கூடாது என்று பதில் சொல்வதுபோல எல்லாம் 4. கேட்பவளும் நான்தான், அப்படியிருந்தும்.


பெப்ரவரி 13, வியாழன்

வவுனியா. டொக்டர் கொழும்பிலிருந்து வந்திருந்தா. சமரி, நான், அவா. குளிரூட்டின அறை, மூக்கு ஒழுகத் தொடங்கிவிட்டது.

என் சொற்களை எல்லாம் சொன்னேன். டொக்டர் பொறுமையாக எழுதினா. ஆனால் ஓரிடத்தில் விடவில்லை. ஆளுக்கு ஆள் விளக்கம் சொல்லி, ஆளுக்கு ஒரு விதமாகக் கேட்டால், கடைசியில் கையில் இருப்பது கதைதான், அளவு இல்லை என்றா. இங்கே 3 என்றால் மாத்தறையிலும் 3 ஆக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எந்த வார்ட் கஷ்டத்தில் இருக்கிறது என்று யாரிடமும் காட்டிக் கேட்க முடியாது. அவா சொன்னதில் பிழை இல்லை. அவா இதைக் கொண்டுபோய் மேசையில் வைக்கப் போகும் இடங்களில் கதை எடுபடாது, இலக்கம்தான் எடுபடும்.

சாப்பாட்டு நேரம் சமரி தன் ஆட்களைப் பற்றிச் சொன்னாள். ஒரு வயசாளி, வயல் செய்த பழைய கமக்காரர், எதைக் கேட்டாலும் ‘கமக் நே’ என்கிறாராம். பரவாயில்லை என்கிற மாதிரி. வலி? கமக் நே. நித்திரை? கமக் நே. மகன் வந்து பார்க்கிறானா? கமக் நே. எல்லாவற்றுக்கும் 4 போட்டுவிட்டு எழும்ப, அவர் கண்ணைத் துடைத்தாராம். பரவாயில்லை என்றாரா, இனி என்ன என்றாரா, தனக்கு இன்னும் தெரியாது என்றாள்.

பஸ்ஸில் யன்னல் பக்கம். ஓமந்தை தாண்டி நித்திரை வரும் நேரம், திடீரென்று முத்தையாவின் முகம். போதும் மிஸ். சாப்பாட்டுக் கோப்பை நிறைந்தவர் சொல்வதும் போதும். அடி வாங்குகிறவர் சொல்வதும் போதும். அந்தச் சிரிப்பை வைத்து நான் முதலாவதை எடுத்துக்கொண்டேன்.

நாளை அவருடைய முறை. நேரத்தோடு போய்க் கேட்க வேண்டும்.


பெப்ரவரி 14, வெள்ளி

அவருடைய கட்டில் வெறுமை.

ஒன்றரை வருடத்தில் ஒருநாளும் தவறாதவர் என்று தலைமைத் தாதி சொன்னா. போன் அடித்தும் பதில் இல்லையாம். மூன்றாம் தரம் லெட்சுமி எடுத்தா. தாதி போனை என்னிடம் தந்தா.

“வர மாட்டேங்கிறாருங்க. என்ன சொன்னாலும் சிரிக்கிறாரு.”

கால் வீங்கியிருக்கிறதா என்று கேட்கும்படி தாதி என் காதோடு சொன்னா. ஓம், வீக்கம். படுத்தால் மூச்சு முட்டுகிறதா? கொஞ்சம். நாளை காலைக்குப் பிந்தக் கூடாது, மூச்சு கூடினால் உடனே அம்புலன்ஸ் என்று தாதி. வார்ட்டை விட்டு அவாவால் அசைய முடியாது.

எங்களுக்கு ஒரு விதி உண்டு, நோயாளி வீட்டுக்குப் போகக் கூடாது. கொழும்பு டொக்டருக்குப் போன் அடித்து, போகட்டுமா என்று கேட்டேன். கேள்வித்தாளைக் கொண்டு போகாதே, நீயாகப் போ என்றா.

பூநகரி வரை ஒரு பஸ், பிறகு மன்னார் றோட்டில் இன்னொன்று. இரண்டு பக்கமும் நெல் முற்றி மஞ்சள். வெட்டுகிற மெஷின் ஒன்று தூரத்தில் தூசி கிளப்பிக்கொண்டு.

வேப்பமரத்துக்குக் கீழே பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். பாதம் இரண்டும் பொங்கி, செருப்பு அடங்கவில்லை. வெயிலுக்குள் வந்திருக்கிறீர்களே என்று எனக்காகக் கவலைப்பட்டார். லெட்சுமி தேத்தண்ணி வைக்கப் போனா.

அன்றைக்குப் போதும் என்றீர்களே, அது எனக்கு விளங்கவில்லை, அதைக் கேட்கத்தான் வந்தேன் என்றேன்.

அவர் என்னை அதிசயமாகப் பார்த்தார்.

“வெளங்கித்தான் எழுதிக்கிட்டீங்கன்னு நெனச்சேன் மிஸ். சொன்னேன், கோடு போட்டீங்க. ஒண்ணும் சொல்லல. சரி, ஆஸ்பத்திரிக்கும் இத நிப்பாட்டுறது சம்மதம்தான் போலன்னு வந்துட்டேன்.”

கையில் தேத்தண்ணியோடு லெட்சுமி குசினி வாசலில் நின்றா. அவாவுக்கும் அப்போதுதான் விளங்கியது. கோப்பையை நிலத்தில் வைத்துவிட்டு அங்கேயே குந்திவிட்டா.

பிறகு அவர் தானாகவே சொன்னார், கோபம் இல்லாமல், வேறு யாரையோ பற்றிச் சொல்கிற மாதிரி. வெட்டு மெஷின் இந்தப் பக்கம் வருகிற நாள் வயலில் ஆள் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்தவன் வயலுக்குப் போய்விடும். லெட்சுமியோ அவரைக் கூட்டிக்கொண்டு கிழமையில் இரண்டு நாள் றோட்டில். அவர் மண்வெட்டி தொட்டு ஒரு வருடம். வரம்பில் கதிரை போட்டு இருந்து, அவா ஒற்றையாக வேலை செய்வதைப் பார்க்கிறார். ஆம்பிளைக்கு அதைவிட என்ன கேடு இருக்கிறது என்றார். மெஷின் மட்டும் காரணம் இல்லை, அது ஒரு சாட்டு என்றும் அவரே சொன்னார்.

நான் சொல்ல நினைத்ததெல்லாம் கேள்வித்தாள் தமிழாகவே வந்தது. சொல்லவில்லை. லெட்சுமிதான் சொன்னா, அவரைப் பார்க்காமல், நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

“வயல்ல நிக்கிறப்ப வரப்புல ஆளு இருக்குன்னு எனக்குத் தெரியுதுல்ல. அத நீங்க வேலைன்னு கணக்கு வக்கல. நான் வச்சிருக்கேன்.”

கோழி ஒன்று வந்து தேத்தண்ணிக் கோப்பையைக் கொத்தியது. லெட்சுமி அதைக் கலைக்கவும் இல்லை.

எனக்கு எழும்புவதா இருப்பதா என்று தெரியவில்லை. வருவாரா மாட்டாரா என்று நான் கேட்கவில்லை. கடைசியில் அவர்தான், நாளைக்குக் கட்டில் இருக்கிறதா என்று கேட்டார்.


பெப்ரவரி 15, சனி

வந்தார்கள். நெஞ்சில் நீர் சேரத் தொடங்கியிருந்ததாம். வழமையைவிடக் கூட நேரம் மெஷினில்.

முடிந்த பிறகு வார்ட் டொக்டரிடம் நேராகவே கேட்டார், நிப்பாட்டினால் என்ன நடக்கும் என்று. டொக்டர் சின்னப் பெடியன், ஆனாலும் மழுப்பவில்லை. என்ன நடக்கும், எப்படி இருக்கும், நிப்பாட்டுவதென்றால் அதையும் சொல்லிக் கதைத்துச் செய்யலாம், தனியாகச் செய்ய வேண்டாம் என்றெல்லாம் சொன்னார். முத்தையா கவனமாகக் கேட்டார். லெட்சுமி அவர் கால்மாட்டில் கையை வைத்துக்கொண்டு நின்றா.

முடிவு: நிப்பாட்டவில்லை. இப்போதைக்கு. அவர் சொன்ன சொல் ‘இப்போதைக்கு’. டொக்டரும் அதை அப்படியே எழுதினார்.

பூநகரியிலிருந்து ஓட்டோவில் வருகிற இன்னொரு நோயாளி, அறுவடை முடியும் வரை தன்னோடு ஏற்றி வருவதாகச் சொல்லியிருக்கிறார். லெட்சுமி வயலுக்குப் போகலாம்.

வீட்டுக்கு வந்து முகம் கழுவாமலே படுத்துவிட்டேன். அக்கா புட்டும் மீன் குழம்பும் மூடி வைத்திருந்தாள்.


பெப்ரவரி 17, திங்கள்

தடிமன், மூக்கு அடைப்பு. கொத்தமல்லித் தண்ணி.

கொழும்பு டொக்டரோடு நீண்ட கதை. முத்தையாவின் தாளை என்ன செய்வது? விதிப்படி அது சரியான தாள். வாசித்ததை வாசித்தேன், சொன்னதை எழுதினேன். பதிலை மாற்ற முடியாது என்றா. மாற்ற வேண்டாம், ஆனால் வாழ்க்கையில் திருப்தி 5 என்று எழுதிய மனுசன் மூன்று நாளில் சாக இருந்தார், அந்த 5 எதை அளந்தது என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. அவா திருப்பிக் கோபிக்கவில்லை.

தன் தகப்பன் கடைசி வருடம் எல்லாருக்கும் ‘கமக் நே’ என்றுதான் சொன்னவர் என்றா.

முடிவுகள்:
– சென்னைத் தமிழை வைத்துக்கொண்டு இழுபடுவதில்லை. இங்கே திரும்ப எழுதுவது. வன்னி, யாழ்ப்பாண ஆட்கள் சிலர், மலைநாட்டிலிருந்து வந்தவர்கள் சிலர், ஒரே மேசையில். ஒரு தமிழ் எல்லாருக்கும் பொருந்துமா என்றும் அங்கேயே பார்ப்பது.
– சமரி சிங்களத்துக்கும் அதையே செய்வாள்.
– கேட்கும்போது வீட்டார் பக்கத்தில் இருக்கக் கூடாது.
– போதும், பரவாயில்லை, கமக் நே: இவற்றுக்கு உடனே கட்டம் இல்லை. ‘அதைக் கொஞ்சம் சொல்லுங்கோ’ என்று ஒருதரம் கேட்கலாம். எல்லாரிடமும் அதே சொல்லில்.
– வாழ விருப்பமில்லை என்பதுபோல ஒன்று காதில் விழுந்தால், தாளை மூடிவிட்டு வார்ட்டுக்குச் சொல்வது. அது முதல் வேலை, அளவு பிறகு.

கடைசி முடிவு அவா சொன்னது. நான் கேட்காமலே.


பெப்ரவரி 20, வியாழன்

மேசை நடந்தது. ஏழு பேர், ஒரு கேத்தல் தேத்தண்ணி. ‘சமாதானமாக’ என்பதற்கு ‘மனம் ஆறி’. சரசக்காவின் சொல். மலைநாட்டு ஆட்களுக்கும் அது விளங்கியது. ‘யோசிக்க’ போய் ‘ஒரு வேலையில் மனம் நிற்குதா’. மாடிப்படி போய் ‘கிணற்றில் அள்ளின வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வர’. வாழ்க்கைத் தரத்துக்கு ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில் ‘இப்ப உங்கட சீவியம் எப்படிப் போகுது’ என்று நின்றது. மலைநாட்டு ஆட்களுக்குச் சீவியம் என்றால் பிழைப்பு. ‘பொழுது எப்படிப் போகுது’ என்றார்கள். இரண்டையும் எழுதி வைத்தேன்.

சுமை என்ற சொல்லில் ஒருவருக்கும் பிரச்சினை இல்லை. எல்லாருக்கும் விளங்கியது. அந்த நேரம் மட்டும் மேசையில் சிரிப்பு நின்றது.

பூனைக்குட்டி இரண்டைக் கேட்டு ஆள் வந்திருக்கிறது.


பெப்ரவரி 25, செவ்வாய்

வானம் மப்பு. மழை வந்தால் வெட்டாத வயல்காரருக்குக் கஷ்டம். முத்தையாவின் வயல் ஞாயிறே வெட்டியாச்சாம். லெட்சுமி நின்று வெட்டுவித்திருக்கிறா. அவர் வரம்பில்.

புதுக் கேள்விகளோடு முதல் ஆள் அவர்தான், தன்னை முதலில் கேட்கும்படி அவரே சொன்னார். ஓட்டோவில் கூட்டி வருகிற நோயாளி மறுபக்கக் கட்டிலில் நித்திரை. நாங்கள் இருவரும்தான்.

நித்திரை? இல்லை மிஸ், விடிய விடிய முழிப்பு. 2. நோவு? கால் குடைச்சல், லெட்சுமிக்குச் சொல்வதில்லை. 2. மனம் ஆறி இருக்கிறதா? கண்ணை மூடி இருந்து, சில நாள் என்றார். 3. வீட்டாருக்குச் சுமையா? ஆமா. 1. சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார், அன்றைய சிரிப்பு இல்லை. மொத்தத்தில் எப்படி? கொஞ்சம் சொல்லுங்கள் என்றேன். நீளமாகச் சொன்னார். 2 என்று இருவரும் சேர்ந்து போட்டோம்.

கூட்டிப் பார்த்தால் முதல் தாளில் அரைவாசிக்கும் கீழே. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற ஒருவர், இரண்டு கிழமையில் இந்த மனுசன் நாசமாகப் போய்விட்டார் என்றுதான் நினைப்பார். டொக்டருக்கு இதை விளக்க வேண்டும். இல்லை, அவாவுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்கு.

தாளை மடிக்கும்போது, நாங்கள் கேட்காமல் விட்டது ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன். அது தாளில் இல்லை, வாயில் வந்தது.

“தண்ணியப் பத்தி ஒண்ணுமே கேக்கலையே மிஸ்.”

சிறுநீரகம் வேலை செய்யாததால் நாளுக்கு இரண்டு கோப்பைத் தண்ணிதான் அவருக்கு அனுமதி. வயல்காரன். மற்றவர்கள் கிணற்றடியில் வாளியோடு தூக்கிக் குடிப்பதைப் பார்ப்பாராம். வாயைக் கொப்பளித்துத் துப்புவாராம், துப்பும்போது ஒரு மிடறு உள்ளே போகட்டும் என்று விட்டுவிடுவாராம், பிறகு அதற்காக இரவெல்லாம் பயம். கனவில் வருவதும் தண்ணிதானாம். தோட்டத்தில் சின்னப் பிள்ளையாக இருந்தபோது லயத்து வீடுகளுக்குப் பின்னால் ஒரு பீலி, மலையிலிருந்து விழுகிற தண்ணி, பல் கூசுமாம். அதற்குக் கீழே வாயைத் திறந்துகொண்டு நிற்கிறாராம்.

மெஷின் நிற்கும் வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தார். கட்டம் ஏதும் இல்லை. தாளின் பின்பக்கத்தில் எழுதினேன், இடம் முடிய ஓரத்திலும்.